பாக் வாசிக்க உட்காரும்போது: ரொமான்டிக் முறையா, பரோக் காலத்து முறையா?

பியானோ கற்கத் தொடங்கி மூன்று நான்கு வருடம் ஆனதும் கையில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு இன்வென்ஷனோ பிரெலூடோ (சின்ன விசைக்கருவிப் படைப்புகள்) வந்துவிடும். குழப்பமும் கூடவே வரும். ஒரு ஆசிரியர், "பெடல் போட்டுப் பாடுகிற மாதிரி வாசி" என்பார் (பெடல் என்பது விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் மிதிகட்டை). இன்னொருவர், "பெடலில் காலே வைக்காதே, பாக் காலத்தில் பியானோவே கிடையாது" என்பார். யூடியூபில் தேடிப் பார்த்தால் ஒரே பிரெலூடை ஒருவர் கனவில் நடப்பதுபோல் வாசிக்கிறார், இன்னொருவர் கம்பியை மீட்டும் பழைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகக் கிள்ளி எடுக்கிறார். "எது சரி? நான் எதைக் கற்றுக்கொள்வது?" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பது பியானோதான் என்றாலும் பரோக் காலத்து (பாக் வாழ்ந்த காலத்து) முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் ரொமான்டிக் முறையிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றினால் கற்றதையெல்லாம் ஒருமுறை கலைத்துவிட்டுத் திரும்பக் கற்க வேண்டிவரும். ஆனால் இது எல்லோருக்கும், எல்லாப் படைப்புக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

## இரண்டும் எங்கிருந்து வந்தன

ரொமான்டிக் முறை என்பது 19-ஆம் நூற்றாண்டு பாக்கைத் தன் வீட்டுப் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்ட விதம். இசையமைப்பாளர் மெண்டல்சோன் தன் கச்சேரிகளில் பாக்கின் குரோமாடிக் ஃபான்டசியாவைப் பெரிய ஆர்ப்பெஜியோக்களோடு (சுரக்கூட்டை ஒவ்வொன்றாக விரித்து வாசிப்பது), பெடலோடு வாசித்தார். 1837-ல் பியானோ ஆசிரியர் செர்னி, பாக்கின் இரண்டு பாக விசைக்கருவித் தொகுதியான 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' நூலைப் பதிப்பித்தபோது வேகம், உரப்பு, மென்மை, இணைப்புக் கோடு எல்லாவற்றையும் தானே எழுதிச் சேர்த்தார். 1894-ல் பியானோ கலைஞர் புசோனி அதே தொகுதியின் முதல் பாகத்தைத் தன் குறிப்புகளோடு வெளியிட்டார். இடைவெளியில்லாமல் இணைந்து ஓடும் நீண்ட லெகாட்டோ வரிகள், மெல்ல ஏறி இறங்கும் ஒலி, பெடல், முடிவை நோக்கித் தளரும் வேகம்: இவைதான் இந்த முறையின் அடையாளம்.

பரோக் காலத்து முறை, அந்தக் காலத்தவர்கள் விட்டுச்சென்ற கருவிகளையும் நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பார்த்து வாசிக்க முயல்வது. 1716-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரின் எழுதிய கிளாவ்சின் (ஹார்ப்சிகார்ட்) பாடநூல், 1753-ல் பாக்கின் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் வெளியிட்ட விசைக்கருவி நூல் போன்றவை இதற்கு ஆதாரம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்கருவிகளைச் செய்த டோல்மெச்சும் ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவும் திறந்த பாதையில் பிறகு லியோன்ஹார்ட் போன்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர்கள் வெகுதூரம் போனார்கள். ஆனால் லாண்டோவ்ஸ்காவின் ஹார்ப்சிகார்ட், பியானோ கம்பெனியான பிளேயல் 1912-ல் செய்து கொடுத்தது. பதினாறடி கம்பி வரிசை (ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) கொண்ட கனமான கருவி அது, பாக் தொட்ட கருவிகளோடு ஒப்பிட்டால் நிறையவே வேறு. பழமைக்குத் திரும்பும் முயற்சியிலும் அந்தந்தக் காலத்தின் கை இருக்கும்.

"பாக் காலத்தில் பியானோவே கிடையாது" என்பதும் சரியல்ல. கிறிஸ்டோஃபோரி ஃபுளோரன்ஸில் 1700 வாக்கிலேயே பியானோ செய்துவிட்டார். 1720-களில் அவர் செய்த மூன்று இன்றும் இருக்கின்றன. ஜெர்மனியில் சில்பர்மான் செய்த பியானோவைப் பார்த்த பாக், மேல் ஸ்தாயி பலவீனம், கட்டைகள் கனம் என்று குறை சொன்னார். சில்பர்மான் திருத்திய பிறகு ஏற்றுக்கொண்டார். 1747-ல் போட்ஸ்டாமில் மன்னர் ஃபிரெடரிக்கின் முன்னால் வாசித்ததும் சில்பர்மானின் பியானோக்களில்தான். ஆகவே, பியானோவில் பாக் வாசிக்கலாமா என்ற கேள்வியே வேண்டாம். பியானோவில் எப்படி வாசிப்பது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

என் அனுபவத்தில் ஐந்து விஷயங்கள் இதைத் தீர்மானிக்கின்றன.

1. உங்கள் கைக்குக் கீழே இருக்கும் கருவி.
2. உங்கள் மேஜையில் இருக்கும் பதிப்பு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.
3. நீங்கள் வாசிக்கும் படைப்பு என்ன வகை: நடனமா, ஃபியூகா (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பேசுவது), சுதந்திரமான ஃபான்டசியாவா.
4. யாருக்காக வாசிக்கிறீர்கள்: தேர்வுக்கா, மேடைக்கா, உங்களுக்கேவா.
5. அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடிய நேரமும் பணமும்.

எதில் உணர்ச்சி அதிகம் என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ரொமான்டிக் முறை இதயத்துக்கு, பரோக் முறை மூளைக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். அது உண்மையில்லை. தான் உருகாமல் கேட்பவரை உருக்க முடியாது என்று 1753-லேயே எழுதியவர் பாக்கின் மகன். இன்வென்ஷன்களின் 1723 பிரதியின் முகப்பில், இவை பாடுவதுபோல் வாசிக்கும் முறையைக் கற்றுத்தருவதற்காக என்று எழுதியவர் பாக்கேதான்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி அதிகமாகாது, ஒரு சிறிய இறகுத் தண்டு கம்பியை மீட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அப்படியானால் ஒரு சுரத்தை முக்கியமாக்குவது எப்படி? அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும், அல்லது அதில் இமைப்பொழுது தங்க வேண்டும், அல்லது ஒரு அலங்காரம் போட வேண்டும். பியானோவில் விரலின் எடையால் செய்வதை ஹார்ப்சிகார்டில் நேரத்தால் செய்தார்கள். இது புரிந்துவிட்டால் இரண்டு முறைக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் தானாகவே புரியும்.

## ஒரே பிரெலூட், ஒரே பார்

'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் பாகத்தின் முதல் பிரெலூட், சி மேஜர். எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பாக் இதற்கு வேகமும் எழுதவில்லை, உரப்பு மென்மையும் எழுதவில்லை. ஒவ்வொரு அரைப் பாரிலும் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) இடது கைக்கு இரண்டு சுரம், வலது கைக்கு மூன்று சுரம் இரண்டு தடவை. பார்க்க எளிது.

நான் சின்ன வயதில் இதைப் பழைய பதிப்பு ஒன்றிலிருந்து கற்றேன். அதில் 36 பார்கள் இருந்தன. பாக் எழுதியது 35. கூடுதல் பார் 22-க்கும் 23-க்கும் நடுவே நுழைந்தது. ஷ்வெங்கே என்ற இசைக்கலைஞர் சேர்த்ததாகச் சொல்வார்கள். கூனோ இந்தப் பிரெலூடின் மேல் 'ஆவே மரியா' மெட்டை அமைத்தபோதும் இந்தக் கூடுதல் பார் உள்ள வடிவத்தைத்தான் எடுத்தார், அதனால் உலகம் முழுக்கப் பலர் காதில் அதுதான் பதிந்திருக்கிறது.

ஏன் சேர்த்தார்கள்? கீழ்க் குரலைக் கவனியுங்கள். 22-ஆவது பாரில் அது எஃப் ஷார்ப்பில் இருக்கிறது. 23-ல் ஏ ஃப்ளாட்டுக்குத் தாவுகிறது. 24-ல் ஜி-யில் இறங்குகிறது. அதாவது ஜி-க்கு அரைச்சுரம் கீழே ஒரு தொடல், அரைச்சுரம் மேலே ஒரு தொடல், அப்புறம்தான் ஜி. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. போய்ச் சேர வேண்டிய சுரத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வந்து ஏங்க வைப்பது. திருத்தியவருக்கு இந்தத் தாவல் கரடுமுரடாகப் பட்டிருக்கிறது. நடுவில் ஒரு ஜி-யைப் போட்டு வழியைச் சமன்படுத்திவிட்டார். கேட்க இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏக்கம் போய்விட்டது. 24-ல் ஜி வரும்போது அது ஏற்கெனவே வந்துபோன விருந்தாளி.

எனக்கு இது தெரிந்தது பல வருடம் கழித்து, மூலப் பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்தபோது. ஒரு பாரைத் தாண்டிப் போக விரல்களைப் பழக்குவதற்கு ஒரு மாதம் ஆனது. களைத்திருக்கும் நாளில் இன்றும் விரல் அந்த ஜி-யைத் தேடிப் போகிறது. வரிசையை மாற்றிக் கற்பதில் மறைந்திருக்கும் செலவு இதுதான்.

இதே பிரெலூடில் பெடல் கேள்விக்கும் விடை இருக்கிறது. இடது கையின் முதல் சுரத்தை அரைப் பார் முழுக்க நீட்டச் சொல்லியும், இரண்டாவதை அதற்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொல்லியும் பாக் சுர அளவுகளாலேயே எழுதியிருக்கிறார். பெடல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை விரலுக்குக் கொடுத்துவிட்டார். பெடலை மிதித்துவிட்டால் அந்த இரண்டு விரலையும் எப்போது எடுத்தாலும் ஒன்றுதான். அவர் எழுதியது உங்கள் கைக்குத் தெரியாமலே போய்விடும்.

## ரொமான்டிக் முறை

இதன் பலம் பெரியது, குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைய கச்சேரி பியானோ பெரிய அரங்கத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் நீண்ட ஒலியையும் ஆயிரம் படிநிலை உரப்பையும் பயன்படுத்தாமல் விட்டால் கருவியைப் பட்டினி போடுகிறோம். பியானோ கலைஞர் எட்வின் ஃபிஷர் 1933 முதல் 1936 வரை பதிவு செய்த 'வெல் டெம்பர்ட் கிளாவியர்', அந்தத் தொகுதியின் முதல் முழுமையான இசைத்தட்டுப் பதிவு. அதில் இ ஃப்ளாட் மைனர் பிரெலூடைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து மெல்லப் பேசுவது போலிருக்கும். அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

செலவு எங்கே? முதலில், பெடல் விரலின் குறையை மறைக்கும். நான்கு குரல் ஃபியூகில் ஒரு குரலைப் பிடித்தபடி மற்றொன்றை நகர்த்தத் தெரியாதவர் பெடலை மிதித்துச் சமாளிப்பார். அடுத்த கட்டத்தில் அது மொத்தமாகத் தடுக்கும். இரண்டாவது, மேல் குரலை மெட்டு என்றும் மற்றதைப் பக்கவாத்தியம் என்றும் கேட்கும் பழக்கம் வந்துவிடும். ஃபியூகில் எல்லோரும் சமமாகப் பேசுகிறார்கள். ஒருவர் குரலை மட்டும் ஏற்றினால் உரையாடல் போய்விடும். மூன்றாவது, பதிப்பில் யாரோ எழுதிய குறியைப் பாக் எழுதியதாக நம்பிவிடுவோம். செர்னியின் வேகக் குறியீடு செர்னியின் கருத்து மட்டுமே.

இந்த முறையே சிறந்தது என்று நான் சொல்லும் இடங்கள்: புசோனி பியானோவுக்கு மாற்றி எழுதிய பாக்கின் வயலின் ஷாகோனும் ஆர்கன் கோரல் பிரெலூடுகளும். இவை பரோக் உடுப்பில் வந்த ரொமான்டிக் படைப்புகள். இவற்றைப் பெடல் இல்லாமல் வாசிப்பதுதான் வரலாற்றுக்கு விரோதம். அதேபோல் எதிரொலியே இல்லாத வறண்ட அறையில் பியானோ வாசிக்க நேர்ந்தால் கொஞ்சம் பெடல் நியாயம். பழைய அரண்மனை அறையும் தேவாலயமும் கொடுத்த எதிரொலியை அங்கே கால்தான் கொடுக்க வேண்டும்.

## பரோக் காலத்து முறை

இதில் கிடைப்பது பேச்சு. எந்தச் சுரம் கனமானது, எது இலேசானது, எங்கே மூச்சு விடுவது, இது எந்த நடனத்தின் நடை என்ற கேள்விகளைக் கேட்கக் கற்றுத்தருகிறது. சரபாண்ட் என்ற நடனத்தில் இரண்டாவது தட்டில் சாய்வு இருக்கிறது என்று தெரிந்தவர் கைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி கேட்கும்.

அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரிடெமானுக்காக 1720-ல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் பாக் ஒரு அட்டவணை எழுதிக்கொடுத்தார். அதன்படி ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) மேல் சுரத்திலிருந்து தொடங்குகிறது. மேலிருந்து தொடங்கும்போது அது கீழ்க் குரலோடு ஒரு கணம் உரசி, அப்புறம் அமைதியாகும். முதன்மைச் சுரத்திலிருந்து தொடங்கினால் உரசலே இல்லை, வெறும் நடுக்கம்தான் மிச்சம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், உங்கள் பாக் வேறு ஒருவர் வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

சுதந்திரமும் இங்கேதான் அதிகம் என்றால் பலர் நம்புவதில்லை. இசையமைப்பாளர் ஃபிரெஸ்கோபால்டி 1615-லேயே தன் டொக்காட்டாக்களின் முன்னுரையில், தாளம் சொல்லின் உணர்ச்சிக்கேற்ப மெதுவாகவும் வேகமாகவும் போகலாம் என்கிறார். அதே நூற்றாண்டின் ஃபுரோபெர்கர் தன் புலம்பல் இசை ஒன்றுக்குமேல், எந்தத் தாளத்தையும் பார்க்காமல் மனப்போக்கில் வாசிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். கூப்பரின், நாங்கள் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறு என்றே ஒப்புக்கொள்கிறார். தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீராக வாசித்துவிட்டு அதைப் "பரோக் ஸ்டைல்" என்பவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் ருசியைப் பாக்கின் தலையில் கட்டுகிறார்கள்.

அதுதான் இந்த முறையின் முதல் ஆபத்து: விதிகளைப் பிடித்துக்கொண்டு இசையை விடுவது. எதற்காக அந்த விதி என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஸ்டக்காட்டோவில், துண்டு துண்டாகக் கொத்தும் மாணவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது செலவு கருவி. நல்ல ஹார்ப்சிகார்ட் பல லட்சம் ஆகும். அதைவிட முக்கியம், அது முழுக்க மரமும் மெல்லிய கம்பியும். சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் சுருதி நிற்காது. சுருதி சேர்க்க நீங்களே கற்றாக வேண்டும், அதை அடிக்கடி செய்யவும் வேண்டும். இறகு தேயும், உடையும், மாற்றித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். ஆர்வத்தில் வாங்கிவிடாதீர்கள் என்பதுதான் என் அறிவுரை.

ஆனால் செலவில்லாத வழி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பல டிஜிட்டல் பியானோக்களில் ஹார்ப்சிகார்ட் ஒலி இருக்கிறது, அவற்றில் பலவற்றில் ஓங்கி அழுத்தினாலும் அந்த ஒலி அதிகமாகாது. சிலவற்றில் சுருதியை அரைச்சுரம் இறக்கி 415 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவரலாம், வெர்க்மைஸ்டர், கிர்ன்பெர்கர் போன்ற பழைய சுருதிப் பங்கீடுகளையும் தேர்ந்தெடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த ஒலியில் பழகுங்கள். உரப்பு என்ற ஊன்றுகோல் போனதும், நேரத்தால் பேச விரல் தானாகவே தேட ஆரம்பிக்கும்.

பியானோவிலேயே இந்த முறையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பியானோ கலைஞர் ஆந்திராஷ் ஷிஃப் சாட்சி. 2011-ல் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' இரண்டு பாகங்களையும் பெடலே இல்லாமல் பதிவு செய்தார். வறட்சி எங்கேயும் இல்லை.

## உங்கள் நிலைமைக்கு எது

| உங்கள் நிலைமை | என் பரிந்துரை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| கிரேடு தேர்வு, இன்வென்ஷன் அல்லது சின்ன நடனம் | பரோக் முறை | அடைப்புக்குறிக்குள் இருப்பவை பொதுவாகப் பதிப்பாசிரியர் சேர்த்தவை |
| ஃபியூக் | பரோக் முறை, பெடல் இல்லாமல் தொடங்கி | நேரம் இரண்டு மடங்கு ஆகும் |
| குரோமாடிக் ஃபான்டசியா போன்றவை | இரண்டும் | சுதந்திரம் வேண்டும், ஆனால் ரெசிட்டடிவ் (பேச்சுபோல் ஓடும்) பகுதியில் பெடல் பேச்சைக் குழப்பும் |
| புசோனியின் பியானோ மாற்றங்கள் | ரொமான்டிக் | கை பெரிதாக வேண்டும் |
| கூப்பரின், ராமோ | பரோக் முறை | அலங்காரங்கள் தெரியாமல் தொடவே வேண்டாம் |
| ஸ்கார்லாட்டி | உங்கள் காது சொல்வது | |

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களையும் ஸ்காட் ராஸ் ஹார்ப்சிகார்டில் பதிவு செய்திருக்கிறார். அதே சொனாட்டாக்களில் சிலவற்றை ஹோரோவிட்ஸ் பியானோவில் வாசித்ததைக் கேட்டால், இவையும் இதற்கென்றே எழுதப்பட்டவை என்று தோன்றும். இரண்டு கருவியையும் தாங்கும் எழுத்து அது. கூப்பரின் அப்படியல்ல. அவருடைய அலங்காரங்கள் மீட்டும் ஒலியோடு பிறந்தவை, பியானோவின் சுத்தியலுக்குக் கீழே தடித்துப்போகும்.

பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' தனிக் கதை. 1741-ல் வெளியானபோதே இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்கு என்று முகப்பில் அச்சாகியிருக்கிறது. பியானோவில் ஒரே அடுக்கு என்பதால் இரண்டு கையும் ஒரே கட்டைக்குப் போட்டி போடும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தச் சிக்கல் தீராது. பியானோ கலைஞர் குளென் கூல்ட் 1955-லும் 1981-லும் இதைப் பதிவு செய்தார், முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. இந்த இரண்டு முறையிலும் சேராதவர் அவர். கேட்டு ரசியுங்கள், நகல் எடுக்காதீர்கள்.

## எங்கே தொடங்குவது

புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பதிப்புதான் முதல் செலவு, அதுதான் நல்ல செலவும். மூலப் பிரதியை ஒட்டிய ஒரு பதிப்பை வாங்குங்கள். பழைய பதிப்பு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நூற்றாண்டின் பியானோக்காரர்கள் பாக்கை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அது பதிவு. பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் சி மேஜர் பிரெலூடை எடுங்கள். முதல் வாரம் காலைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கையின் இரண்டு சுரத்தையும் எழுதியிருக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். இரண்டாவது வாரம் ஹார்ப்சிகார்ட் ஒலிக்கு மாற்றி, எந்தப் பாரில் உங்களை அறியாமல் தங்கத் தோன்றுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். மூன்றாவது வாரம் பியானோ ஒலிக்குத் திரும்பி, அந்தக் குறிகள் இருக்கும் இடத்தில் மட்டும் பெடலையும் உரப்பையும் சேர்த்துப் பாருங்கள். 24 முதல் 31 வரை எட்டுப் பார் கீழே ஜி நகராமல் நிற்கும்போது பியானோவின் ஒலி மெல்ல வளர்வது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரியும். அதற்கு முன்னால் 22-லும் 23-லும் மட்டும் பெடலை எடுத்துவிடுங்கள், எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு விரல் தாவுவது வெறுமையாகக் கேட்கட்டும்.